பற்றுக் கணக்கு

ஜான் ஃபோர்டு 1962-ல் எடுத்த ‘த மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்’ படத்தின் தலைப்பிலேயே ஒரு மறைப்பு இருக்கிறது. லிபர்ட்டி வேலன்ஸைச் சுட்டவன். சுடப்பட்டவனுக்குப் பெயர் உண்டு, சுட்டவனுக்கு இல்லை. அவன் யார் என்பதுதான் படம். ஆனால் படத்தில் வரும் ஊரைப் பொறுத்தவரை இதில் கேள்வியே கிடையாது. அவன் யார் என்று ஊருக்கு எப்போதோ தெரியும். ஊருக்குத் தெரிந்த ஆள் வேறு, சுட்ட ஆள் வேறு.

இப்படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு பத்திரிகை ஆசிரியன் சொல்லும் வசனத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். புராணம் நிஜமாகிவிட்ட பிறகு புராணத்தையே அச்சில் போடவேண்டியதுதான் என்கிற அர்த்தத்தில் அவன் சொல்வது. ஃபோர்டின் சித்தாந்தமே அதுதான் என்று ஒரு சாரார். அதைக் கிண்டல் செய்யத்தான் படமே என்று இன்னொரு சாரார். இரண்டு பேச்சும் எனக்குப் போதவில்லை. என் கேள்வி கொஞ்சம் குமாஸ்தாத்தனமானது. அச்சில் போட்ட புராணத்துக்குப் பணம் கட்டியது யார்?

எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. வரவு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு கணக்கில் வரவு வைத்தால் இன்னொரு கணக்கில் பற்று விழுந்தாக வேண்டும். இப்போது கம்ப்யூட்டர் இரண்டையும் தானே செய்துவிடுவதால், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. வீரம், தியாகம், புகழ் போன்ற சொற்களை எங்கே கேட்டாலும் எனக்கு இந்தப் பாடம் ஞாபகத்துக்கு வருகிறது. இது தொழில் தந்த வியாதியாக இருக்கலாம். ஆனால் ஃபோர்டின் ஐம்பது வருஷ உழைப்பைத் திரும்பிப் பார்க்கும்போது, அவரும் இதே வியாதியால் மெல்ல மெல்லப் பீடிக்கப்பட்டவர் என்றுதான் தோன்றுகிறது.

ஃபோர்டு என்கிற பெயரே இன்னொருவர் கணக்கிலிருந்து எடுத்ததுதான். 1894-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தபோது அவர் ஜான் மார்ட்டின் ஃபீனி. அண்ணன் ஃபிரான்சிஸ் முன்னாலேயே சினிமாவுக்குப் போய், ஃபோர்டு என்று பெயர் வைத்துக்கொண்டு, நடிகராகவும் டைரக்டராகவும் ஆகியிருந்தார். தம்பி அவரிடம் போய்ச் சேர்ந்து தொழிலைக் கற்றார், பெயரையும் எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் தம்பியின் படங்களில் அண்ணன் துண்டு துக்காணி வேஷங்களில், பலமுறை குடிகாரக் கிழவனாக, வந்துபோனார். தம்பியோ தன் பிறப்புப் பெயர் ஷான் அலோஷியஸ் என்று தொடங்கும் நீண்ட ஐரிஷ் பெயர் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்வதில் அவருக்கு ஆனந்தம் இருந்தது. பேட்டி காண வருகிறவர்களைப் படுத்தி எடுப்பதில் அவர் பெயர் போனவர்.

1917-ல் டைரக்ட் செய்யத் தொடங்கினார். கடைசிக் கதைப்படம் 1966-ல். நடுவில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். டைரக்டருக்கான ஆஸ்கார் பரிசு 4 முறை. அந்த நான்கில் ஒன்றுகூட வெஸ்டர்ன் இல்லை; உலகம் அவரை நினைவில் வைத்திருப்பதோ வெஸ்டர்ன்களுக்காக. அவற்றில் பிரசித்தமான ‘ஸ்டேஜ்கோச்’ (1939) படத்துக்காக அவர் முதன்முதலாக மானுமெண்ட் வாலிக்குப் போனார். அரிசோனா, யூட்டா எல்லையில், நவஹோ மக்களின் நிலத்தில் நிற்கும் செம்பாறைகள். அதற்குப் பிறகு கதை எந்த மாநிலத்தில் நடந்தாலும் அவருக்கு அந்தப் பாறைகள்தான். அந்தப் படத்தில் வண்டியைத் துரத்தும் அப்பாச்சிகளாக வருகிறவர்கள் நவஹோக்கள். துரத்துகிறவர்களுக்கு வாயில் சொல் கிடையாது. குன்றின் விளிம்பில் தோன்றுவார்கள், துரத்துவார்கள், விழுவார்கள். வண்டிக்குள் இருக்கும் ஒன்பது பேருக்குத்தான் மனித சுபாவம். வரவுப் பக்கம் மட்டும் எழுதப்பட்ட மகா அழகான பேரேடு அது.

‘மை டார்லிங் கிளமென்டைன்’ (1946) டூம்ஸ்டோன் என்ற ஊரில் நடந்த துப்பாக்கிச் சண்டையைப் பற்றியது. அந்தக் கதையை வயாட் ஏர்ப் வாயாலேயே தான் கேட்டதாக ஃபோர்டு சொல்லிவந்தார். படத்தில் தம்பி ஜேம்ஸ் ஏர்ப் பதினெட்டு வயதில் கொல்லப்படுகிறான். அவன் கல்லறைப் பலகையில் 1864, 1882 என்று இருக்கிறது. நிஜ ஜேம்ஸ் வயாட்டின் அண்ணன். 1926 வரை இருந்தவர். படத்தில் டாக் ஹாலிடே சண்டையில் குண்டு பட்டு விழுகிறான். நிஜ ஹாலிடே சண்டை நடந்து ஆறு வருஷம் கழித்து, 1887-ல், காச நோயால் இறந்தார். சண்டை நடந்தது 1881. இதையெல்லாம் குற்றப் பத்திரிகையாக நான் வாசிக்கவில்லை. கலைஞன் செத்தவர்களின் தேதியை மாற்றிக்கொள்ளட்டும். அந்தப் படத்தின் பொய்யால் யாருடைய கழுத்திலும் கத்தி விழவில்லை.

‘ஃபோர்ட் அப்பாச்சி’ (1948) அப்படிப்பட்டதில்லை. ஹென்றி ஃபாண்டா நடிக்கும் கர்னல் தர்ஸ்டே அகங்காரம் பிடித்தவன். 1876-ல் லிட்டில் பிக்ஹார்னில் தன் படையோடு அழிந்த கஸ்டரின் நிழல் அவன்மேல் விழுந்திருக்கிறது. அப்பாச்சிகள் ஏன் ரிசர்வேஷனை விட்டு ஓடினார்கள் என்பது படத்தில் ஒளிவு மறைவில்லாமல் காட்டப்படுகிறது. அரசாங்க ஏஜெண்ட் மட்டச் சாராயம் விற்கிறான், தராசில் ஏமாற்றுகிறான். அவர்களுடைய தலைவன் கொச்சீஸுக்கு, கீழ்ப்பட்ட அதிகாரி யார்க் (ஜான் வெய்ன்) வாக்குக் கொடுத்துப் பேச்சுவார்த்தைக்கு அழைத்து வருகிறான். கர்னல் அந்த வாக்கை மீறிப் படை நடத்துகிறான். மொத்தப் படையும் ஒரு பள்ளத்துக்குள் போய்ச் சாகிறது. படம் இங்கே முடிந்திருந்தால் அது நேர்மையான, சாதாரணமான படம். ஃபோர்டு இன்னும் ஒரு காட்சி வைத்தார். வருஷங்கள் கழிந்தபின் பத்திரிகைக்காரர்கள் கர்னலின் வீரத்தைச் சித்திரித்த ஓவியத்தைப் புகழ்கிறார்கள். எல்லாம் தெரிந்த யார்க், ஓவியம் ஒவ்வொரு விவரத்திலும் சரி என்கிறான். பிறகு ஜன்னல் அருகே போய் நின்று சாதாரணச் சிப்பாய்களைப் பற்றிப் பேசுகிறான். அவர்கள் சாகவில்லை, ரெஜிமெண்ட் இருக்கும்வரை இருப்பார்கள் என்கிறான். தொப்பியை எடுத்துக்கொண்டு, கர்னல் அணிந்த அதே மாதிரித் தொப்பி, அடுத்த படையெடுப்புக்குக் கிளம்புகிறான்.

பின்னாளில் பீட்டர் போக்டனோவிச் இந்த முடிவைப் பற்றிக் கேட்டபோது, நாட்டுக்கு அண்ணாந்து பார்க்க வீரர்கள் வேண்டும், அது நல்லதுதான் என்கிற பொருளில் ஃபோர்டு பதில் சொன்னார். வீரர்கள் என்று சொல்லப்பட்ட பலர் அப்படி இல்லை என்று தெரிந்தும்தான் சொன்னார். இந்தப் பதிலை வைத்து அவரைப் பிற்போக்குவாதி என்று மூட்டைகட்டி வைப்பது சுலபம். ஆனால் மனிதர் பேட்டியில் சொன்னதைவிடப் படத்தில் காட்டியது அதிகம். யார்க் பொய் சொல்கிறான் என்பது அந்த அறையில் இருக்கும் பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். புராணத்தை அச்சடிக்கச் சொல்லும் பாத்திரங்களைப் படைத்தவர், தன் படச்சுருளில் அச்சடித்தது நடந்ததை. இந்த இரட்டை நிலையை வேஷதாரித்தனம் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அதற்குக் காரணம் சினிமா இல்லை.

சென்ற வருஷம் ஒரு மூத்த எழுத்தாளர் காலமானார். பெயர் சொல்லப்போவதில்லை. சில வருஷங்கள் ஒரு பத்திரிகை நடத்தியவர். எதைப் படிக்கவேண்டும் என்பதை நான் அவரிடமிருந்து தெரிந்துகொண்டேன். அஞ்சலிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அதில் ஒரு வாக்கியம்: ‘வீட்டிலிருந்த நகைகளையெல்லாம் விற்று அவர் பத்திரிகை நடத்தினார்.’ கட்டுரையைப் படித்த நண்பர்கள் அந்த வாக்கியத்தைத்தான் குறிப்பிட்டுச் சொன்னார்கள். அதற்கு முந்தியும் அவரைப் பற்றிச் சொல்லப்பட்டு வந்ததுதான் அது. நான் அச்சில் ஏற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய மனைவி நான் வேலை பார்க்கும் கிளைக்கு வந்தார். இறந்தவரின் சேமிப்புக் கணக்கு அங்கேதான் இருந்தது, நாமினி இவர். இறப்புச் சான்றிதழ் நகல், பாஸ்புக், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வரிசையாக வைத்திருந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, “நீங்க எழுதினதைப் படிச்சேன் தம்பி. நல்லா இருந்துது. ஒண்ணே ஒண்ணு. நகை என்னோடது” என்றார்.

குரலில் கோபமில்லை. பாஸ்புக்கில் ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று சொல்கிறவர்களின் குரல். அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்லட்டுமா அம்மா என்று கேட்டேன். சற்று யோசித்தார். “அது உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு உறையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் பொய் எழுதவில்லை. தமிழ் வாக்கியம் எனக்கு ஒத்தாசை செய்தது. வீட்டிலிருந்த நகைகள். வீட்டில்தான் இருந்தன. கழுத்திலிருந்த நகைகள் என்று எழுதியிருந்தால் யார் கழுத்து என்ற கேள்வி அந்த இடத்திலேயே எழுந்திருக்கும். எழுவாயாக அவர் நின்றுகொண்டார். தியாகம் அவர் கணக்கில் வரவானது. பற்று எந்தக் கணக்கில் விழுந்தது என்று வாக்கியம் கேட்கவில்லை, எழுதினவனும் கேட்கவில்லை. நாற்பது வருஷமாகச் சம்பளத்தையும் நகையையும் கொடுத்த கணக்குக்குச் சொந்தக்காரர் கவுண்டருக்கு வந்து நின்ற பிறகுதான் எனக்கு அது தெரிந்தது.

அந்த வாரம் ‘லிபர்ட்டி வேலன்ஸ்’ படத்தை மறுபடி பார்த்தேன். கதைச் சுருக்கம் சொல்வது விமர்சனமாகாது என்று தெரியும். இருந்தாலும் இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். செனட்டர் ஸ்டாடர்ட் (ஜேம்ஸ் ஸ்டூவர்ட்) மனைவி ஹாலியோடு ஷின்போன் என்ற சிற்றூரில் ரயிலை விட்டு இறங்குகிறார். டாம் டோனிஃபன் என்பவன் செத்துப்போய்விட்டான். அவனை அடக்கம் செய்ய வந்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியனுக்கு அந்தப் பெயரே தெரியாது. அனாதைச் சவப்பெட்டி. செத்தவன் காலில் பூட்ஸ் இல்லை. போட்டுவிடச் சொல்லி செனட்டர் கோபிக்கிறார். பெட்டிக்குப் பக்கத்தில் வயதான கறுப்பர், பாம்பி, உட்கார்ந்திருக்கிறார். ஆசிரியன் வற்புறுத்தவே செனட்டர் பழங்கதையைச் சொல்கிறார்.

ஸ்டாடர்ட் சட்டம் படித்துவிட்டு மேற்கே வந்த இளைஞன். வழிப்பறிக்காரன் லிபர்ட்டி வேலன்ஸிடம் சாட்டையடி பட்டவன். ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஊர்க்காரர்களுக்கு எழுத்தறிவு புகட்டுகிறான். ஹோட்டலில் வேலை செய்யும் ஹாலியும் அவனிடம் படிக்கிறாள். அவளைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக டாம் (மறுபடி ஜான் வெய்ன்) தன் வீட்டில் ஒரு அறை சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு ராத்திரி, துப்பாக்கி பிடிக்கத் தெரியாத ஸ்டாடர்ட் வேலன்ஸுக்கு எதிரே போய் நிற்கிறான். வேலன்ஸ் சாகிறான். ஸ்டாடர்ட் வீரன், ஹாலி அவன் பக்கம். டாம் குடித்துவிட்டுத் தன் வீட்டுக்குத் தானே தீ வைக்கிறான். பிறகு, கொலைகாரன் என்கிற பழிக்குக் கூசி ஸ்டாடர்ட் அரசியலை விட்டு ஓடப்பார்க்கும்போது, டாம் அவனைத் தனியே அழைத்து உண்மையைச் சொல்கிறான். எதிர்ச் சந்தின் இருட்டிலிருந்து சுட்டது தான். துப்பாக்கியைத் தூக்கி எறிந்து கொடுத்தது பாம்பி. அது பச்சைக் கொலை, ஆனால் அதோடு என்னால் வாழமுடியும் என்கிறான். உள்ளே போய்ப் பதவியை ஏற்றுக்கொள் என்று அனுப்பிவிட்டு வெளியே போகிறான். அதற்குமேல் அவனுக்குக் கதை இல்லை. ஸ்டாடர்ட் கவர்னராகிறான், செனட்டராகிறான், இங்கிலாந்துக்குத் தூதராகப் போகிறான்.

அந்தப் பொய் நல்லது செய்தது என்பதை மறைக்கக்கூடாது. பாலைக்குத் தண்ணீர் வந்தது, சட்டம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று வள்ளுவர் நமக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறார். அந்தச் சலுகையின் முழுச் சுமையும் ‘குற்றமற்ற’ என்ற நிபந்தனைமேல் விழுகிறது. யாருக்குக் குற்றமற்றது? நன்மை பெற்றவர்களைக் கேட்டால் அவர்களுக்குக் குற்றம் தெரியாது. பற்று விழுந்த கணக்குக்காரரைத்தான் கேட்கவேண்டும்.

வாராக் கடனை வங்கி தள்ளுபடி செய்கிறது. செய்யலாம், ஏனென்றால் கொடுத்தது வங்கி. கடன் வாங்கியவன் தானே எழுந்து நின்று, ‘இதைத் தள்ளுபடி செய்துவிட்டேன்’ என்று அறிவித்தால் சிரிப்போம். புராண விஷயத்தில் மட்டும் நாம் சிரிப்பதில்லை. ‘ஃபோர்ட் அப்பாச்சி’யில் யார்க் செய்வது இதைத்தான். பள்ளத்தில் செத்த சிப்பாய்களின் கடனையும், வாக்கை நம்பி வந்த கொச்சீஸின் கடனையும், கடன்பட்ட தரப்பைச் சேர்ந்த அவன் ஒரே வாயால் தள்ளுபடி செய்கிறான். அவன் ஜன்னலருகே போய் நிற்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். அறைக்குள் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

டாம் டோனிஃபன் வேறு. அவன் கடன் கொடுத்தவன். தன் காதல், தன் பெயர், தன் வீடு எல்லாம் அவனுடையவை. அவற்றை அவனே தள்ளுபடி செய்தான். கலையில் நான் கண்ட பெரிய காரியங்களில் ஒன்று அது. 1948-க்கும் 1962-க்கும் இடையில் ஃபோர்டு கடந்த தூரம் இதுதான். நடுவில் ‘த சர்ச்சர்ஸ்’ (1956) இருக்கிறது. அதிலும் ஜான் வெய்ன்தான். வெறுப்பைச் சுமந்துகொண்டு வருஷக்கணக்கில் தேடி அலைந்து, கடத்தப்பட்ட சகோதரன் மகளை மீட்டுக்கொண்டு வருகிறான். எல்லோரும் வீட்டுக்குள் போகிறார்கள். அவன் வெளியே நிற்கிறான், கதவு மூடுகிறது. வீரனுக்கே பற்று எழுதும் துணிச்சல் அப்போது வந்துவிட்டது.

ஆனால் டாமின் பெருந்தன்மையைக் கண்டு மயங்கி நின்றுவிடக்கூடாது. அவன் கொடுத்தவற்றில் எல்லாம் அவனுடையவை இல்லை. ஹாலியை யாரும் கேட்கவில்லை. இனி அவள் உன்னுடையவள் என்று ஒருவன் இன்னொருவனிடம் ஒப்படைக்கிறான். அவள் அந்த அறையில் இல்லை. அன்றிரவு சுட்டது யார் என்பது அவளுக்கு எப்போதாவது தெரிந்ததா என்று படம் சொல்வதே இல்லை. பாம்பியை யாரும் கேட்கவில்லை. துப்பாக்கியை எறிந்தது அவன் கை, எரியும் வீட்டிலிருந்து டாமை இழுத்துப்போட்டது அவன் கை. ஸ்டாடர்டின் வகுப்பில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை ஒப்பிக்க எழுந்தவன், மனிதர்கள் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்கிற இடம் வந்ததும் மறந்துவிட்டேன் என்கிறான். பரவாயில்லை, அந்தப் பகுதியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள் என்று வாத்தியார் தேற்றுகிறார். உண்மையைச் சொல்ல வந்த செனட்டரின் வாக்குமூலத்திலும் பாம்பி ஒரு கையாக மட்டும்தான் இருக்கிறான்.

செனட்டர் உண்மையைச் சொன்னது எப்போது என்பதும் கவனிக்கத்தக்கது. வரவெல்லாம் வாங்கி முடித்த பிறகு, கடன் கொடுத்தவன் பெட்டிக்குள் போன பிறகு. கணக்கை மூடிய பின்னால் அதில் கட்ட வருகிறவனை வங்கி திருப்பி அனுப்பும். பத்திரிகை ஆசிரியன் குறிப்புகளைக் கிழித்து அடுப்பில் போடுகிறான். அவனை எல்லோரும் சினிகல் என்கிறார்கள். காலம் கடந்த தொகையை வாங்க மறுக்கும் குமாஸ்தாவாக அவன் எனக்குத் தெரிகிறான்.

ஃபோர்டும் காலம் கடந்து கட்ட வந்தவர்தான். ‘செயன் ஆட்டம்’ (1964), 1878-ல் செயன் மக்கள் தங்களை அடைத்துவைத்த தெற்கிலிருந்து சொந்த நிலத்தை நோக்கி வடக்கே நடந்த நடையைப் பற்றியது. கால் நூற்றாண்டாகத் தன் படங்களில் சுட்டு வீழ்த்தியவர்களுக்கு ஈடு கட்ட நினைத்தார். பாத்தியதைதான் தவறிவிட்டது. தலைவர்களாக நடித்தவர்கள் ரிக்கார்டோ மொண்டல்பான், கில்பர்ட் ரோலண்ட் போன்ற ஹாலிவுட் நடிகர்கள். பின்னணியில் நின்ற கூட்டம் வழக்கம்போல நவஹோக்கள். காசோலையில் தொகை சரி, கையெழுத்து சரி, பெயர் வேறு. படம் கனத்துத் தள்ளாடுகிறது. இருந்தும் அவர் கட்ட வந்தார் என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எழுபது வயதில், அதுவரை எழுதிய பேரேட்டின் இடது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர்கள் நம் தொழிலிலும் அதிகமில்லை.

நம் தொழில் என்று எழுத்தைச் சொல்கிறேன். நாமும் புராணம் அச்சடிக்கிறவர்கள். வறுமையில் வாடியவர், குடும்பத்தை மறந்து எழுதியவர், எல்லாவற்றையும் இலக்கியத்துக்குக் கொடுத்தவர். மறக்கப்பட்ட குடும்பம் அந்த நேரத்தில் என்ன சாப்பிட்டது என்று எந்த அஞ்சலியிலும் எழுதியதில்லை. புராணம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அது இல்லாமல் இருநூறு பிரதி அச்சிடும் பத்திரிகையை யார் நடத்துவார்கள்? யாருடைய பணத்தில் என்பதை மட்டும் பக்கத்தில் எழுதிவைக்கலாம். தள்ளுபடி செய்வதா வேண்டாமா என்பது அவர்கள் பாடு.

ரயில் திரும்பிப் போகிறது. பெட்டிமேல் கள்ளிப்பூவை வைத்தது யார் என்று செனட்டர் கேட்கிறார். நான்தான் என்கிறாள் ஹாலி. ஒருகாலத்தில் டாம் அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்த பூ அது. நிஜ ரோஜாவைப் பார்த்திருக்கிறாயா என்று அப்போது கேட்டவன் ஸ்டாடர்ட். அதற்குமேல் இருவரும் பேசிக்கொள்வதில்லை. லிபர்ட்டி வேலன்ஸைச் சுட்டவருக்கு நாங்கள் எதையும் செய்வோம் என்று சொல்லிவிட்டு ரயில் சிப்பந்தி போகிறான். செனட்டர் பைப்பைப் பற்றவைக்காமலே தீக்குச்சியை ஊதி அணைக்கிறார்.

திருத்தத்துக்கு வருகிறேன். ‘மனைவியின் நகைகளை விற்று அவர் பத்திரிகை நடத்தினார்.’ ஒரு சொல்தான் மாறியிருக்கிறது. இருந்தும் எழுவாயாக இன்னும் அவரே நிற்கிறார். ‘மனைவி கொடுத்த நகைகளை விற்று’ என்று எழுதலாமா என்று பார்த்தேன். அவர் கொடுத்தாரா, இல்லை எடுத்துக்கொள்ளப்பட்டதா என்பது எனக்குத் தெரியாது. அன்று கவுண்டரில் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். திருத்தம் போடட்டுமா என்று கேட்டேன்.